காலியாக இருந்த முதல் வரி

ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து வந்த அந்த அம்மா, பேசத் தொடங்கும் முன்பே பேனா மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். ஒல்லியான உடம்பு, தோளில் பிள்ளையின் பழைய பள்ளிப் பை. உத்திரமேரூர் பஸ் காலையில் அவர்கள் பக்கம் நின்றுபோக மனு, அதற்குக் கையெழுத்து வேண்டும் என்றார்.

வாட்ஸ்அப்பில் வரும் நியாயத்தையெல்லாம் நாலு பேருக்கு அனுப்புகிறவள் நான். என் மகளும் அந்த பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். ஆனாலும் பேனாவை வாங்கவில்லை. மனுவில் கைநாட்டுகள் வரிசையாக இருந்தன. முதல் வரி மட்டும் காலி. இப்படி இடம் விட்ட காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நிலத்தை இழந்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு.

"இன்னாம்மா, மேல காலியா கீது? அப்பறம் அதுல இன்னா எழுதப் போற?"

"ஒண்ணும் எழுத மாட்டேன்க்கா. அது ஊர்க்காரங்களுக்கு விட்டது. எங்க பேரு மேல இருந்தா ஊர்ல யாரும் கீழ போட மாட்டாங்க."

இரண்டு முறை படித்தேன். பஸ்ஸைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. முதல் பெயர் என்னுடையதாக இருந்தால், அவர்களுக்காக நீ ஏன் முன்னால் நின்றாய் என்று ஊரில் என்னைத்தான் கேட்பார்கள். எல்லோருக்கும் கீழே, கடைசியாகப் போட்டேன்.

அவர் பேனாவை வாங்கி மூடினார். பக்கத்து வீட்டு வாசலில் நின்று மறுபடியும் பேனா மூடியைக் கழற்றினார்.