ஒரு இஸ்பேடுக்குக் கோந்த்ர்

எனக்கு பிரிட்ஜ் கற்றுக்கொடுத்தவர் என் கணவர். கற்றுக்கொடுத்ததை அடிக்கடி மாற்றியவரும் அவர்தான்.

ஆட்டத்தில் அவர் என் கூட்டாளி. ஏலத்தில் நான் டைமன் கேட்டு, எதிராளி குறுக்கே புகுந்து இஸ்பேடு கேட்டால், அவர் ‘கோந்த்ர்’ என்பார், அதாவது டபுள். ‘இஸ்பேடு என்னிடம் பலமாக இருக்கிறது, இவர்கள் தோற்கட்டும், நீ பேசாமலிரு’ என்று அதற்குப் பொருள். அப்படித்தான் படித்தேன். பிறகு பாரிஸ் பத்திரிகை ஒன்றைப் பார்த்துவிட்டு, அது பழைய கதை, இனிமேல் ‘என்னிடம் ஆர்ட்டின் இருக்கிறது, நீ மேலே கேள்’ என்று பொருள் என்றார். ருஷ்யாக்காரன் ஆகாயத்தில் விட்ட செயற்கைக்கோளின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்களாம். சரியென்று மேலே கேட்டால், “இந்தக் கைக்கா?” என்று முறைப்பார். எனக்குத் தலை சுற்றும்.

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை இந்தியாவிடம் ஒப்படைத்த அறுபத்திரண்டின் கடைசி மாதங்கள் அவை. பிரெஞ்சுக் குடியாகவே நீடிக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும், புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாக. எழுதாதவர்கள் இந்தியர்கள். எனக்குக் கப்பலும் வேண்டாம், பாரிஸும் வேண்டாம். ஊரை ஒட்டிய சாரத்தில் அம்மா தனியாக இருந்தாள். அவரிடம் இரண்டு தடவை கேட்டேன். “பாப்போம்” என்றார். அது போவதா, இருப்பதா என்று மண்டையை உடைத்துக்கொண்டேன்.

ஞாயிறு பிற்பகல்களில் எதிர்வீட்டில் ஆட்டம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா ஒருவரும் அவர் மனைவியும் எங்களுக்கு எதிர்க்கட்சி. அன்று நான் ஒரு டைமன் கேட்டேன். சொல்தா ஒரு இஸ்பேடு என்றார். என் கணவர் கோந்த்ர் என்றார்.

அந்தம்மாள் என் பக்கம் திரும்பினாள். “உன் வீட்டுக்காரரு கோந்த்ர் சொன்னா என்னாம்மா அர்த்தம்?”

ஆட்டத்தில் அப்படி ஒரு வழக்கம். எதிராளி அர்த்தம் கேட்கலாம், கூட்டாளியான நான் கேட்கக் கூடாது. பதிலும் நான்தான் சொல்ல வேண்டும். கோந்த்ர் சொன்னவர் வாய் திறக்கக் கூடாது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியலைங்க” என்றேன்.

சொல்தா விழுந்து விழுந்து சிரித்தார். “நல்லா குடும்பம் நடத்துற போ!”

அந்தம்மாள் பாஸ் சொன்னாள். என் கணவரிடம் இஸ்பேடு இருக்கும் என்று நம்பி நானும் பாஸ் சொன்னேன். அவரிடம் இருந்ததோ இரண்டே பொடி இஸ்பேடு. ஆர்ட்டின் கத்தையாக இருந்தது, என்னிடமும் நாலு. சொல்தா ஜம்மென்று ஜெயித்தார். என் கணவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அந்தம்மாள் இரக்கப்பட்டு, “வுடும்மா, அங்க போயி நல்ல கிளப்பா பாத்து சேந்துக்க, எல்லாம் வந்துடும்” என்றாள்.

“எங்க போயி?”

அவள் என் கணவரைப் பார்த்தாள். சொல்தா சீட்டைக் கலைக்க ஆரம்பித்தார். “போன வாரம் எங்க வீட்டுக்காரருதான உன் வீட்டுக்காரரு கூடப் போனாரு, எழுதிக் குடுக்க? உனக்குத் தெரியாதா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. எதிராளி வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. வழக்கமாவது ஒன்றாவது என்று நேராக அவரையே கேட்டேன்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

அவர் உண்மையிலேயே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

“பாப்போம்னு சொன்னேனே” என்றார். “புரிஞ்சிக்கினு இருப்பேன்னு இல்ல நெனச்சேன்.”