பின்னால் நீட்டிய கை

குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். லீராய் ஹ்ருஸ்காவின் வேலையே குற்றம் பார்ப்பது. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற எங்கள் டெக்சஸ் ஃபுட்பாலில், பள்ளிக்கூட ஆட்டங்களுக்கு நடுவராக ஒரே வண்டியில் சுற்றியவர்கள் நாங்கள் ஐந்து பேர். வாய் எனக்கு, கண் அவனுக்கு. எல்லைக்கோட்டில் நிற்பான்.

அவனுக்கு ஒரே கூட்டாளி எமில் குபேனா. சனிக்கிழமை டோமினோ கட்டை ஆடும் மேசையில் இருவரும் ஒரு ஜோடி. அவர்களிடம் தோற்றுத் தோற்று எனக்கு மானமே போய்விட்டது.

எமிலின் மகன் கர்ட்டிஸ், எங்கள் ஊர்ப் பள்ளி அணியில் எழுபத்து நாலாம் நம்பர். அந்த நம்பர்காரர்கள் முன்வரிசையில் முட்டித் தள்ளுகிற தடியன்கள். முன்னோக்கி எறிந்த பந்தை அவர்கள் பிடித்தால் தப்பு. பின்னோக்கி எறிந்தால் யாரும் பிடிக்கலாம். பின்னால்தான் போனது என்றால் எல்லைக்கோட்டு நடுவர் கையைப் பின்னால் நீட்டிக் காட்டவேண்டும்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் எங்கள் ஊரில். வரவேண்டிய வெளியூர்க் குழுவின் நடுவருக்குக் காய்ச்சல், அதனால் எங்கள் ஐவரைக் கூப்பிட்டார்கள். சொந்த ஊர் ஆட்டத்தில் நிற்கமாட்டேன் என்று லீராய் முரண்டு பிடித்தான்.

"நில்லுடா. நீ இல்லன்னா ஆட்டமே இல்ல. உன்னப் போய் யாரு சந்தேகப்படுவா?" என்று அவனைத் தள்ளிவிட்டதே எமில்தான்.

விநோதமான உத்தி ஏதும் வைத்திருந்தால் கோச்சுகள் எங்களிடம் முன்னாடியே சொல்லிவிடுவது வழக்கம். எங்கள் ஊர்க் கோச் வந்து சொன்னார்: "கடைசியில கர்ட்டிஸுக்கு ஒரு பந்து உண்டு. பின்னாலதான் எறிவோம், பாத்துக்கங்க."

அப்படியே எறிந்தார்கள். கர்ட்டிஸ் பிடித்துக்கொண்டு ஓடிக் கடைசிக் கோட்டையும் தாண்டிவிட்டான். ஊரே எழுந்து ஆடியது. நான் லீராயைப் பார்த்தேன். கை நீளவில்லை. தப்பு என்று காட்டும் மஞ்சள் துணியைத் தரையில் எறிந்திருந்தான். பந்து ஒரு முழம் முன்னால் போயிருந்தது. எடுத்த புள்ளி செல்லாது, ஊர் தோற்றது.

"ஒரு முழம்டா. என் பையன் ஜென்மத்துல ஒரே ஒரு பந்து பிடிச்சான். அதுகூடப் பொறுக்கலையா உனக்கு?" என்றான் எமில். அதோடு பேச்சு நின்றது. லீராய் வேறு ஜோடி சேர்த்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமைகளில் தனியாக உட்கார்ந்து கட்டைகளைக் கலைத்துக்கொண்டிருப்பான்.

அடுத்த வருஷம் எண்ணெய்க் கிணற்று வேலையில் கர்ட்டிஸ் செத்துப்போனான். லீராய் சர்ச்சின் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, எமில் திரும்புவதற்குள் வெளியே போய்விட்டான்.

பிறகு லீராய்க்குப் பக்கவாதம். பேச்சு போய், இடது கை மட்டும் மிச்சம். நான் பக்கத்தில் இருந்த ஒரு மத்தியானம் எமில் தொப்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தான்.

"வெளியாள் யாரும் இல்ல, லீராய். இந்த ஓட்டைவாயன் இருக்கான், சொல்லமாட்டான். ஒரே தடவை காட்டுடா, பின்னாலதான் போச்சுன்னு. என் புள்ளைக்காக."

லீராய் வெகுநேரம் அவனையே பார்த்தான். இடது கை போர்வையிலிருந்து மெல்ல எழும்பி, தலையணைப் பக்கமாகப் பின்னால் நீண்டது. எனக்குத் தெரிந்து அவன் காட்டிய ஒரே பொய் அதுதான்.

எமில் அந்தக் கையைப் பிடித்து இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"முன்னாலதான்டா போச்சு," என்றான். "எனக்கு அன்னிக்கே தெரியும்."

அடுத்த சனிக்கிழமை லீராயைப் புதைத்தோம்.