விசிலுக்கு முன்னால் போன விடை

அயனம்பாக்கத்தில் ஏரிக்குப் போகிற ரோட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் கார் பார்க்கிங்கில், தூணை ஒட்டி என் இஸ்திரி மேசை இருந்தது. நான் படித்தது ஆறாவது வரை. மகள் அரசுப் பள்ளியில் பதினொன்றாவது.

கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள் வீட்டிலிருந்து எனக்குச் சட்டை மட்டும்தான் வரும். பேண்ட் வராது. மீட்டிங்கில் இடுப்புக்கு மேலேதான் தெரியுமாம்.

கேமராவுக்காக வைத்த வைஃபை பார்க்கிங்கில் நன்றாக எடுக்கும். அதனால் பள்ளி விட்டதும் மகள் என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள். அதே வகுப்புப் படிக்கிற மாடிப் பிள்ளைகள் நாலு பேரும் இறங்கி வந்து சேர்ந்துகொள்வார்கள். அவர்கள் வேறு வேறு தனியார் பள்ளி. சந்தேகம் மட்டும் ஒன்றுதான்.

அவர்கள்தான் அந்தப் போட்டியைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கோச்சிங் சென்டர் ஆன்லைனில் நடத்துகிற கெமிஸ்ட்ரி புதிர்ப் போட்டி. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளலாம். விடையைத் தனித்தனியாக அனுப்ப வேண்டும். ஒவ்வொரு ஏரியாவிலும் சரியான விடையை முதலில் அனுப்புகிற மூன்று பேர் இரண்டாவது சுற்றுக்குப் போவார்கள். அதிலும் ஜெயித்தால் பன்னிரண்டாவது முடியும்வரை இலவசக் கோச்சிங்.

மாடிப் பிள்ளைகள் ஏற்கெனவே கோச்சிங் போகிறார்கள். அவர்களுக்கு அது ஒரு சர்ட்டிபிகேட். என் மகளுக்கு அது ஒன்றுதான் வழி. நான் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

விஷயம் அசோசியேஷனுக்குப் போனது. இங்கே எல்லாம் அங்கே போகும். தண்ணீர் லாரிக்கு ஓட்டெடுப்பு. பார்க்கிங்கில் பூனை குட்டி போட்டதற்குத் தீர்மானம். செயலாளர் ஆவடிப் பக்கம் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கு ஊதினால் எல்லோரும் உள்ளே, சங்கு ஊதினால் எல்லோரும் வெளியே என்று வாழ்ந்தவர்.

"யாரும் தனியா பட்டனை அமுக்கக் கூடாது," என்றார் பிள்ளைகளிடம். "அஞ்சு பேரும் ரெடியானதும் நான் விசில் ஊதுவேன். ஒண்ணா அமுக்கணும். நம்ம ஒத்துமையை ஊர் பாக்கட்டும்."

"முதல் மூணு பேர்தானே அங்கிள் எடுப்பாங்க?" என்றாள் மூன்றாவது மாடிப் பெண்.

"அஞ்சு பேரும் ஒரே நேரத்துல அனுப்பினா அஞ்சு பேரும் முதல்தானேம்மா."

சுற்றி நின்ற அப்பாக்கள் தலையாட்டினார்கள். எல்லோரும் இஞ்சினியர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். புதிர் வந்தது. நாலு புட்டி. பெயர் ஒட்டவில்லை. எதை எதோடு கலந்தால் நுரைக்கிறது, எது வெள்ளையாகத் திரிகிறது, எது சும்மா இருக்கிறது என்று மட்டும் போட்டிருந்தது. எந்தப் புட்டியில் என்ன என்று சொல்ல வேண்டும்.

ஒருவன் நுரைக்கிறதைப் பிடித்தான். ஒருத்தி வெள்ளையைப் பிடித்தாள். என் மகள் சேர்த்தாள்.

"ரெண்டு பேராண்டயும் வம்புக்குப் போறது ஒண்ணு கீது பாரு, அது சோடா. அதுகூட நுரைக்கிறது ஆசிட். வெள்ளையாவறது பேரியம்."

"அப்போ நாலாவது?"

"யாராண்டயும் பேசாத சும்மா கீது. அது உப்பு. எங்க நைனா மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். நான் காலர் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

விடை தயார். ஆனால் செயலாளரின் பேரன் போன் அந்த நேரம் பார்த்து அப்டேட் ஆக ஆரம்பித்தது. வட்டம் சுற்றியது. செயலாளர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் எவ்ளோ நேரம்டா மச்சான்?" என்றான் இன்னொரு பையன்.

"பாதிதான்டா ஆயிருக்கு."

மகள் என்னைப் பார்த்தாள். மேசைக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "நைனா, இன்னா பண்ணட்டும்?"

"உன் போனு. உன் வெரலு. என்னாண்ட இன்னாத்துக்குக் கேக்கற?"

அமுக்கினாள்.

பிறகு வட்டம் நின்றது. செயலாளர் விசில் ஊதினார். நாலு பேரும் ஒன்றாக அமுக்கினார்கள். போட்டோ எடுத்தார்கள். குரூப்பில் கைதட்டல் குவிந்தது.

சாயங்காலம் முடிவு வந்தது. என் மகளுக்கு இரண்டாவது இடம். மற்ற நாலு பேர் விடையும் சரிதான். ஆனால் பட்டியலில் ரொம்பக் கீழே, ஒருவர் பக்கத்தில் ஒருவராக இருந்தார்கள். ஒற்றுமை நன்றாகவே தெரிந்தது.

அன்றைக்கே அவசரக் கூட்டம் போட்டார்கள். போட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. பார்க்கிங்கில் தீப்பிடிக்கிற பொருள் இருக்கலாமா என்று பேசினார்கள். பல வருஷம் யாருக்கும் உறுத்தாத என் கரி இஸ்திரிப் பெட்டி அன்றைக்குப் பெரிய ஆபத்தாகிவிட்டது. மேசை கேட்டுக்கு வெளியே போக வேண்டும் என்று முடிவானது. வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றினார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா," என்றார் இரண்டாவது மாடிக் கோயம்புத்தூர்க்காரர். அவர் பையனும் அந்த நாலு பேரில் ஒருவன். "பாதுகாப்பு விஷயமுங்க."

"சரி சார்," என்றேன். மேசையை ரோட்டோரப் புங்க மரத்தடிக்கு இழுத்தேன். துணி மட்டும் முன்போலவே வந்தது. அதை நிறுத்த யாரும் தீர்மானம் போடவில்லை.

இரண்டாவது சுற்று முழுக்க வீடியோவாக வருமாம். எங்கள் போன் டேட்டா பாதியில் தீர்ந்துவிடும் என்றாள் மகள். நான் பெட்டியில் கரி போட்டேன்.

போட்டி அன்று நாலு பேரும் கேட்டைத் தாண்டி வந்தார்கள். செயலாளரின் பேரன் முதலில் வந்தான்.

"தாத்தா தூங்கறாரு. என் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக்கோ."

"உன் போனா? சுத்தி முட்சிச்சா அது?"

"கலாய்க்காதே. அப்புறம் ஆஃப் பண்ணிடுவேன்."

"பண்ணுவ, பண்ணுவ."

இந்த முறையும் கேட்டுக்கொள்ளலாம். கேட்டார்கள் என்பதைவிடச் சண்டை போட்டார்கள் என்று சொல்லலாம். நடுவில் ஒருவன் டேட்டா தீர்ந்தது. அடுத்தவள் போட்டாள். செயலாளர் எழுந்து கேட் வரை வந்தார். பேரனைப் பார்த்தார். ரோடு மாநகராட்சியுடையது. திரும்பிப் போனார்.

இலவசக் கோச்சிங்கில் சீட் கிடைத்தது. மகள் வந்து சொன்னாள். "சரி," என்றேன். அன்றைக்கு ஒரு சட்டையைக் கொஞ்சம் கருக விட்டுவிட்டேன்.

சில நாள் கழித்துக் கோயம்புத்தூர்க்காரர் சட்டைகளோடு வந்தார்.

"பாப்பாவுக்கு வாழ்த்துங்கண்ணா. நம்ம பையனுக்கும் கொஞ்சம் சொல்லித் தந்தா நல்லா இருக்குமுங்க. சாயங்காலம் மேல வரச் சொல்லுங்களேன். ஏசி இருக்குதுங்க."

"இன்னாத்துக்கு சார் மேல? உங்க புள்ள தெனம் இங்கதான் குந்திகினு கீறான்."

மரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அவர் பையன் கல்லில் உட்கார்ந்து என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்குப் புரியவில்லை போல. "மண்டைல இன்னாதான் வெச்சிகினு கீற?" என்று திட்டிக்கொண்டிருந்தான்.

"இந்தப் பேச்செல்லாம் எங்கீங்க கத்துக்கிட்டான்?" என்றார்.

"ரோட்டுல சார்," என்றேன்.