பையன்தானே என்றார்கள்

கோட்டைப்பட்டினத்தில் பவுசியாவைத் தெரிந்தவர்கள் அவளைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். மகன் ஷாகிரைக் கடல் பக்கம் தனியாக விடமாட்டாள். கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடக்கும்போது பன்னிரண்டு வயதுப் பையனின் கையைப் பிடித்துக்கொள்வாள். அவன் வெட்கப்பட்டு உதறுவான், அவள் விடமாட்டாள். கணவர் உமர் பாரூக் மஸ்கட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு அடுக்கும் வேலையில் இருந்தார். ஒரே பிள்ளை. அவனுக்கு ஏதாவது ஆனால் அவரிடம் என்ன பதில் சொல்வது என்பதுதான் அவளுடைய பெரிய பயம்.

அதனால் அவன் வீட்டுக்குள் இருந்தால் அவளுக்கு நிம்மதி. அவள் மெஷினில் நைட்டி தைத்துக்கொண்டிருப்பாள், அவன் உள்ளறையில் போனோடு இருப்பான். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினார்கள், போன் கொடுக்காமல் முடியாது. சில சமயம் உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வரும். யாரோ கூட்டாளியோடு பேசுகிறான் என்று நினைத்துக்கொள்வாள். தெருவில் அலையாமல் வீட்டில் கிடக்கிறானே என்று பக்கத்து வீட்டு ரஹீமா பீவியிடம் பெருமையாகவும் சொல்லியிருக்கிறாள். ரஹீமாவின் மகன் உமைர், ஷாகிரைவிட ஒரு வயது சின்னவன். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

நோன்புப் பெருநாள் முடிந்த கொஞ்ச நாளில் ஷாகிர் மாறிப்போனான். சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் எங்கிருந்தாலும் ஓடிவந்து எடுத்தான். வாப்பா வீடியோ காலில் வந்தால் வயிறு வலிக்கிறது என்று எழுந்து போனான். பவுசியா அவனைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கூட்டிப்போய் ஓதிவிடச் சொன்னாள். டாக்டரிடம் காட்டிப் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுத்தாள்.

ஒரு மத்தியானம் ரஹீமா வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"லாத்தா, ஒங்க மகன் எம்மவன என்னத்துல மாட்டி விட்டுருக்கான்னு கேளுங்க. நேத்துலேருந்து அழுதுக்கிட்டே இருக்கான்."

பவுசியா மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். ஷாகிர் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அடி விழும் என்று நினைத்துத் தலையைக் கைகளால் மூடிக்கொண்டான். அவள் அடிக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் சொன்னதில் பாதி அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"போன்ல ஒரு சைட்டு இருக்கு. அதுல போனா முன்னப்பின்ன தெரியாத ஆளுக வீடியோவுல வருவாங்க உம்மா. பிடிக்கலைன்னா தள்ளிவிட்டா வேற ஆளு வரும். எங்க கிளாஸ்ல எல்லாரும் பாக்குறானுக. சும்மா சிரிக்கிறதுக்குத்தான்."

"ஒனக்கு யாருடா வந்தா?"

"ஒரு அண்ணன். நல்லாப் பேசுனாரு. கிரிக்கெட் பத்தியெல்லாம் பேசுவாரு. எங்க வாப்பா வெளிநாட்டுல இருக்காங்கன்னு சொன்னேன். அவரோட அப்பாவும் அப்படித்தான்னாரு."

அந்த ஆள் பல நாள் நல்லவனாகவே இருந்தான். ஷாகிரின் வாட்ஸ்அப் நம்பரை வாங்கிக்கொண்டான். பிறகு ஒருநாள் விளையாட்டு மாதிரி ஒன்றைச் சொன்னான். ஒரு பிள்ளையிடம் யாரும் சொல்லக் கூடாதது அது. ஷாகிர் அதற்கு உட்பட்டான். அதை அந்த ஆள் பதிவு செய்துகொண்டான். அன்றோடு குரல் மாறியது. உன் வாப்பாவுக்கு அனுப்பிவிடுவேன், பள்ளிக்கூடக் குரூப்பில் போட்டுவிடுவேன் என்றான். போடாமல் இருக்க வேண்டுமானால் இன்னொரு பையனைக் கூட்டிவா என்றான். ஷாகிர் உமைரைக் கூட்டிவந்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?"

"நீங்க வாப்பாகிட்ட சொல்லிருவீங்க. வாப்பா போனப் பிடுங்கிருவாங்க. என்னைய என்ன நெனைப்பாங்க?"

இரண்டு தாய்மாரும் அன்று செய்தது ஒன்றுதான். அழிக்கச் சொன்னார்கள். அந்த ஆளின் நம்பர், அவன் அனுப்பிய செய்திகள், பேசிய அழைப்புகள் எல்லாவற்றையும் ஷாகிர் அவர்கள் கண்முன் அழித்தான். ரஹீமா அவன் போனிலிருந்த சிம் கார்டை வாங்கி இரண்டாக ஒடித்தாள். வெளியே தெரியாமல் முடிந்தது என்று இருவரும் மூச்சு விட்டார்கள்.

சில நாளில் ரஹீமாவின் போனுக்கே புதிய நம்பரிலிருந்து உமைரின் படம் வந்தது. முன்பு அந்த ஆள் கேட்டபோது பயத்தில் உமைர் தன் உம்மாவின் நம்பரைக் கொடுத்திருந்தான். ரஹீமா அந்தப் படத்தையும் உடனே அழித்தாள். நம்பரை மட்டும் பவுசியா குறித்து வைத்துக்கொண்டாள். போலீசுக்குப் போகலாம் என்றாள்.

"போறதா இருந்தா நீங்க போங்க. எம்மவன் பேரு வரக் கூடாது" என்றாள் ரஹீமா.

வெளியூர் போவதென்றாலே யோசிக்கும் பவுசியா, மகனோடு பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனாள். அங்கே சைபர் கிரைம் ஸ்டேஷனில் ஷர்லி என்ற பெண் போலீஸ் அவர்களை ஒரு தனி அறையில் உட்கார வைத்தாள். ஷாகிரிடம் முதலில் பேசினாள்.

"தம்பி, இதுல ஒம்மேல தப்பு இல்ல. தப்பு பண்ணுனது அந்த ஆளு. புரியுதா?"

ஷாகிர் தலையாட்டினான். நிமிரவில்லை.

"பழைய மெசேஜ் எல்லாம் இருக்காக்கா?"

"அழிச்சுட்டோம்மா."

ஷர்லி அந்தப் புதிய நம்பரை மட்டும் எழுதிக்கொண்டாள். "அது இருந்திருந்தா நல்லாருந்திருக்கும். பரவால்ல, எந்தத் தாயும் அதைத்தான் செய்வா" என்றாள்.

புகார் பதிவானது. அந்தப் புதிய நம்பர் வேறு மாநிலத்தில் ஒரு முதியவர் பேரில் இருந்தது, அவருக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாது. அதற்கு மேல் தடம் இல்லை. அந்தத் தளத்தை முடக்கச் சொல்லி எழுதினார்கள், முடக்கவும் செய்தார்கள். அடுத்த தடவை பவுசியா விசாரிக்கப் போனபோது ஷர்லி உள்ளதைச் சொன்னாள். "வேற பேர்ல தொறந்துட்டானுகக்கா. ஒண்ண மூடுறதுக்குள்ள நாலு வருது. கேஸ மூடல. ஆனா ஒங்களுக்குப் பொய்யா ஆசை காட்ட எனக்கு மனசு வரல."

மற்ற பிள்ளைகளையாவது காப்பாற்றலாம் என்று பவுசியா நினைத்தாள். பள்ளியில் பெற்றோர் கூட்டம் வந்தபோது எழுந்து நின்றாள். நாலு பேர் நடுவில் அவள் பேசியதே கிடையாது. தன் மகன் பேரைச் சொல்லாமல், முன்பின் தெரியாதவர்கள் இப்படி வீடியோவில் வருகிறார்கள், பிள்ளைகளைத் தனியறையில் போனோடு விடாதீங்க, ஏதாவது நடந்தால் திட்டாமல் கேளுங்க என்றாள்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். "பொம்பளப் புள்ளைன்னா சரிங்க. பையன்தானே. அவனுக்கு என்ன போயிருச்சு?"

சிலர் சிரித்தார்கள். தலைமையாசிரியர் யூனிபார்ம் பற்றிய அறிவிப்புக்குப் போனார். பவுசியா உட்கார்ந்தாள். பேர் சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் தெரிந்துபோனது. மறுவாரத்திலிருந்து ஷாகிரின் பெஞ்சில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஆனால் எந்த வீட்டிலும் உள்ளறைக் கதவு திறக்கவில்லை. சாயங்காலம் தெருவில் நடந்தால் முன்போலவே வீட்டுக்கு வீடு பிள்ளைகளின் சிரிப்பு கேட்டது.

உமைரைத் திருச்சியில் ஒரு ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்த கொல்லைக் கதவுக்கு ரஹீமா பூட்டுப் போட்டாள். பவுசியா பேச்சுக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதில் நியாயம் இல்லை என்று பவுசியாவால் சொல்ல முடியவில்லை.

கணவரிடம் கடைசியில் அவளே சொன்னாள். உமர் பாரூக் முழுவதையும் கேட்டார்.

"நீ பக்கத்துலதானே இருந்த?" என்றார்.

"பக்கத்துலதாங்க இருந்தேன்."

"அவன் மொகத்தைக் காட்டு."

பவுசியா போனை மகன் பக்கம் திருப்பினாள். ஷாகிர் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டான். வாப்பா எவ்வளவு கூப்பிட்டும் விலக்கவில்லை. கேமரா முன்னால் வருவதையே அவன் விட்டுவிட்டிருந்தான். அழைப்பு துண்டிக்கப்படும்வரை உமர் பாரூக் அந்தப் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசாவை விட்டுவிட்டு வருகிறேன் என்று இரண்டு தடவை சொன்னார். வரவில்லை. வந்து என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை போலும். இப்போது குரல் மட்டும்தான், அதிலும் மகன் இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறான்.

போன வாரம் பவுசியா துணி வெட்டிக்கொண்டிருந்தாள். ஷாகிர் வந்து எதிரில் உட்கார்ந்தான். வெகுநாள் கழித்து அவனாகப் பேசினான்.

"அந்த வீடியோ இப்ப எங்க உம்மா இருக்கும்?"

போலீஸ் அழித்துவிட்டது என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"தெரியலடா தங்கம்."

அவன் கீழே கிடந்த துணித் துண்டை எடுத்து மடித்தான்.

"அப்ப உமைரோடதும் அங்கதான் இருக்கும்."

பவுசியா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அவனைத் தன் பக்கம் இழுத்தாள். அவன் வரவில்லை. எதிர்வீட்டு உள்ளறையிலிருந்து பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் வந்தது. எழுந்து போய்த் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினான்.