இரண்டாம் புத்தகத்தின் பதினோராம் பக்கம்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், மாலை நான்கு இருபத்தைந்துக்கு என் மகள் என் முந்தானையை இழுத்தாள். "மா, சுச்சூ... போவட்டா?" என்று கேட்டாள். நான் கையிலிருந்த காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், "போ, சீக்கிரம் வந்துடு" என்றேன். தவறு அங்கேதான் தொடங்கியது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம் எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரம். நான்கே முக்காலுக்கு நான் மைக்கைப் பிடித்துச் சீன மொழியில் நான்கு வாக்கியம் பேச வேண்டும், இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்று அந்த நொடியில்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு அப்போது ஆறு வயது. எனக்கு நாற்பத்திமூன்று. ஆனால் சீன மொழியில் அவளுக்கு ஐந்து வயது என்றால் எனக்கு மூன்றுதான் இருக்கும். அதனால் இதை என் சிறுவயது நினைவாகவே எழுதுகிறேன். இதில் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் என் மகளிடம் சொல்லிக்கொள்ளலாம். அவள்தான் அப்போது எனக்கு வாத்தியார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் கம்பெனி எங்களுடையது. நான் தரப் பரிசோதனைப் பிரிவு. மணவாள நகரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். அந்த வருடம் சீனாவிலிருந்து புது மெஷின் ஒன்று வந்தது. அதைப் பொருத்தி ஓடவிட ஒரு பொறியாளரும் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான மனிதர். இலைகள் மிதக்கும் வெந்நீர்ப் புட்டி எந்நேரமும் கையில் இருக்கும். அவர் பெயரை எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கொலை செய்ததால், கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து 'சைனா சார்' ஆக்கிவிட்டார்கள்.

அவர் இருக்கப்போவது நான்கு மாதம். அதற்குப் பிறகு மெஷின் எங்கள் கையில். அதன் திரை முழுக்கச் சீன எழுத்து. போனில் மொழிபெயர்க்கும் வசதி இருந்தது, ஆனால் அதை நம்பி மெஷின் ஓட்ட முடியாது. மோல்டு, அதாவது பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சு, சூடாக இருக்கிறது என்று அவர் சொன்னால், போன் 'பூஞ்சைக்குக் காய்ச்சல் அடிக்கிறது' என்றது. ஒரு நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், நம்ம ஆளுங்கள்ள நீங்கதான் பொறுமையா படிக்கிறவங்க. நாலு மாசத்துல நாலு வார்த்தை கத்துக்கினீங்கன்னா போதும்."

முதலில் பெரியவர்களுக்கான பாடங்களைத்தான் பார்த்தேன். விமான நிலையம், ஓட்டல் அறை, கூடுதலாக ஒரு தலையணை. என் கணவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஷிப்ட் முடிந்து வந்து என் பின்னால் நின்று ஒரு பாடம் முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ இன்னா, அங்க போயி ரூம் போடப் போறியா?" என்றார்.

வழி கண்டுபிடித்தது மகள்தான். சீனக் குழந்தைகளுக்காக எடுத்த ஒரு கார்ட்டூன். ஒரு வாத்துக் குடும்பம். எட்டு நிமிடத்தில் ஒரு கதை. ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை, அவசரமே இல்லாமல் சொல்வார்கள். அதே வாத்துகள் வரும் பயிற்சிப் புத்தகங்களில் முதலாவதையும் ஆன்லைனில் வரவழைத்தோம். கட்டத்துக்குள் புள்ளிகளின் மேல் எழுதிப் பழக வேண்டும், படத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டும், பக்கம் முடிந்தால் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். ஸ்டிக்கர்கள் மகளின் பொறுப்பில் இருந்தன. கோடு கட்டத்துக்கு வெளியே போனால் எனக்குக் கிடையாது. வேலை முடிந்து, சமையல் முடிந்து, சாப்பாட்டு மேசையில் நாங்கள் இருவரும் வாயைக் குவித்துக்கொண்டு எழுதுவதைப் பார்த்து என் கணவர் போனில் படம் பிடித்து அவர் தங்கைக்கு அனுப்பினார்.

வாத்துகள் எங்கள் வீட்டில் சில சங்கடங்களை உண்டாக்கின. சீனத்தில் 'மாமா' என்றால் அம்மா. குஞ்சு "மாமா, மாமா" என்று கத்த, தாய் வாத்து ஓடிவரும். "மாமன் எங்க, அவன் வரவே மாட்டேன்றானே" என்று என் கணவர் ஒரு வாரம் கவலைப்பட்டார். அப்பாவின் அம்மாவுக்கு அவர்கள் சொல்லும் சொல் நம் காதில் அச்சாக 'நாய்நாய்' என்று விழும். என் மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கிழ வாத்து வந்தால் நான் பாய்ந்து சத்தத்தைக் குறைப்பேன். மூன்றாவதாக ஒரு சொல்லும் உண்டு. அதை அப்புறம் சொல்கிறேன்.

எனக்கு உண்மையான சங்கடம் வேறொரு சொல்லில் இருந்தது. சீனத்திலும் 'நீ' என்றால் நீதான். கேட்டதும் மகள் கைதட்டினாள். ஐம்பத்தைந்து வயது மனிதரைப் போய் நான் எப்படி 'நீ' என்பேன்? பெரியவர்கள் பாடத்தில் மரியாதைக்கு 'நின்' என்று ஒரு சொல் இருந்தது. நம் 'நீங்க'வுக்குப் பக்கத்தில் இருந்ததால் அதைப் பிடித்துக்கொண்டேன். தினமும் காலையில் "நின் ஹாவ்" என்று வணக்கம் வைப்பேன். அவர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டி, "நீ, நீ" என்பார். அப்படியே கூப்பிடு, போதும் என்கிறார். என் நாக்கு மடங்கவில்லை. அவர் மட்டும் தாராளமாக என்னை 'நீ' என்றார்.

அவரிடம் நான் அதிகம் கேட்டது "பியே துங்" என்ற இரண்டு சொற்களைத்தான். தொடாதே. மோல்டு பக்கம் என் கை போனால் போதும், ஷெட் அதிர ஒரு "பியே துங்!" வரும். 'துங்' தொடுவது. 'பியே' சேர்ந்தால் எந்தக் காரியமும் செய்யாதே என்று ஆகிவிடும். எனக்கு 'பியே' என்றாலே திட்டு என்றுதான் மனதில் பதிந்தது.

ஆயுத பூஜையன்று லீவு என்பதால் கம்பெனியில் முந்தின நாளே பூஜை. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம், வாசலில் வாழை மரம், ஸ்பீக்கரில் நாதஸ்வரம். சைனா சாருக்கு நன்றி சொல்லி நான் பேசுவதாக ஏற்பாடு. நான்கு நாற்பதுக்கு நான்காவது வாக்கியமும் மனப்பாடமாகிவிட்டது. நிமிர்ந்தேன். மேனேஜர், "ரெடியா மேடம்?" என்றார். மகளின் கையைப் பிடிக்கக் கையை நீட்டினேன். பக்கத்தில் அவள் இல்லை.

கேன்டீனுக்குப் பின்னால் இருந்த பாத்ரூமுக்குப் போனேன். இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. உள்ளே யாரும் இல்லை. கேட்டுக்கு ஓடினேன். வாட்ச்மேன், "பசங்கல்லாம் பூசணிக்கா ஒடைக்கிறதப் பாக்கப் போய்க்கினு இருந்திச்சிங்க மேடம், அதுல இருக்கும் பாருங்க" என்றார். அந்தக் கூட்டத்தில் அவள் இல்லை. மறுபடி கேட்டுக்கு வந்தேன். வெளியே, எளாவூர் செக்போஸ்ட்டில் தேங்கி நின்று விடுபட்ட லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. "கேட்ட வுட்டு ஒரு கொழந்தகூட வெளிய போவல மேடம், சத்தியமா" என்றார். பூஜைக்காக அவரே இரண்டு முறை எழுந்துபோய்ப் பொரி வாங்கி வந்ததை நான் பார்த்திருந்தேன்.

கேட்டுக்குப் பக்கத்தில், தரை கழுவுவதற்காகச் சம்ப்பின், அந்த நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின், மூடியைத் திறந்து, மேலே ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பலகையைத் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தேன். கருப்பான தண்ணீரில் பச்சையாக ஏதோ மிதந்தது. என் மகள் பச்சைப் பாவாடை உடுத்தியிருந்தாள்.

மாவிலைதான். தோரணத்திலிருந்து விழுந்திருக்கிறது. ஆனால் மாவிலை என்று தெரிவதற்கு முந்தைய அந்த ஒரு நொடி இருக்கிறதே, மூன்று வருடமாகியும் நான் அதிலிருந்து முழுசாக வெளியே வரவில்லை. இன்றும் மகள் பள்ளியிலிருந்து வர ஐந்து நிமிடம் தாமதமானால் அந்தப் பச்சைதான் கண்ணில் வருகிறது.

நாதஸ்வரத்தை நிறுத்திவிட்டு மேனேஜர் மைக்கில் அறிவித்தார். எல்லோரும் தேடினார்கள். கேன்டீன் அக்கா கரண்டியும் கையுமாக ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அழுவாத மேடம். கொழந்த இன்னான்னு சொல்லிட்டுப் போச்சி? கரெக்டா சொல்லு."

"சுச்சூ போறேன்னு சொன்னா."

"சுச்சூவா? போன வருசம் பூஜைக்கு வந்தப்போ, 'ஆன்ட்டி, பாத்ரூம் எங்க'ன்னு எங்கிட்ட இங்கிலீசுல இல்ல கேட்டுச்சி?"

கேன்டீன் அக்கா சொன்னது உண்மை. எங்கள் வீட்டில் பாத்ரூம் என்றுதான் சொல்வோம். சுச்சூ என்று என் மகள் சொன்னதே இல்லை. அவள் சொன்னது அந்த மூன்றாவது சொல். ஷூஷூ. சீனத்தில் அப்பாவின் தம்பி, சித்தப்பா. தெரிந்த ஆண்கள் எல்லோரையும் குழந்தைகள் அப்படித்தான் கூப்பிட வேண்டும். அந்தச் சொல் முதன்முதலில் வந்த நாளில் நானும் மகளும் வயிறு வலிக்கச் சிரித்திருந்தோம். 'ஷூஷூகிட்ட போவட்டா' என்று கேட்டிருக்கிறாள். அந்தக் 'கிட்ட'வை நாதஸ்வரம் விழுங்கியதா, என் நான்கு வாக்கியங்கள் விழுங்கினவா, தெரியவில்லை.

சைனா சார் எங்கே? யாருக்கும் தெரியவில்லை. அவருக்கு நன்றி சொல்லத்தான் மைக், நாற்காலி, மாலை எல்லாம். ஆனால் எத்தனை மணிக்கு எங்கே வர வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான் சொல்லிவிட்டேன் என்று மேனேஜரும், மேனேஜர் சொல்லிவிட்டார் என்று நானும் நினைத்திருந்தோம்.

ஓடினேன். மரியாதையான 'நின்' எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஷூஷூ! ஷூஷூ!" என்று கத்திக்கொண்டே, பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி ஷெட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடினேன். ஆட்கள் மளமளவென்று விலகி வழி விட்டார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் மட்டும் பதறிப்போய், "மேடம், லேடீஸ் அந்தாண்ட!" என்று கை காட்டினார்.

ஷெட்டின் கடைசியில், புது மெஷின் வந்த மரப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அந்தப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்துதான் அவர் வந்தார். மைக்கில் தமிழில் அறிவித்தது அவருக்குப் புரிந்திருக்காது. யாரோ தன்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவது மட்டும் கேட்டிருக்கிறது. ஒரு கையில் வெந்நீர்ப் புட்டி. மறு கையைப் பிடித்தபடி என் மகள். அவர் நெற்றியில் சந்தனம், அதன் மேல் மூக்கு வரை வழிந்த குங்குமம். மகளின் வேலை. அவர் சட்டைப் பை நிறையப் பொரி. வாத்துக் கதையில் பண்டிகை நாளன்று குஞ்சு ஷூஷூ வீட்டுக்குத் தின்பண்டம் கொண்டுபோகும். இங்கே பண்டிகை, இங்கே ஷூஷூ, கையில் பொரிப் பொட்டலம். அவளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பெட்டியின் மேல் அவர் போன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குள்ளிருந்து, அவருக்கு மகளோ பேத்தியோ, ஒரு சிறுமி இன்னும் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

மகளை வாரி அணைத்துக்கொண்டேன். வாய் கோணி, மூக்கு ஒழுக, எல்லோர் முன்னாலும் அழுதேன். அவர் பக்கத்தில் வந்தார். என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"நீ பியே கூ."

நீ, செய்யாதே. எதை என்று தெரியவில்லை. 'கூ' எங்கள் முதல் புத்தகத்தில் இல்லை. அதில் வாத்துக் குஞ்சு சிரிக்கும், சாப்பிடும், தூங்கும், ஓடும். பிள்ளையைத் தனியாக விடாதே என்கிறார் என்று நினைத்தேன். இல்லை, வேலை இடத்துக்கு இனிமேல் குழந்தையைக் கூட்டி வராதே. எதுவாக இருந்தாலும் நியாயமான திட்டுதான். "ஹாவ், ஹாவ்" என்று தலையாட்டினேன். சரி, சரி. அவர் இன்னொரு முறையும் சொன்னார். நான் இன்னொரு முறையும் சரி என்றேன்.

அடுத்த வாரம் அவர் ஊருக்குப் போய்விட்டார். வழியனுப்பும்போதும் அவர் முகத்தை நேராகப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. 'நின்' என்றுதான் விடை கொடுத்தேன்.

தீபாவளி விடுமுறையில் இரண்டாம் புத்தகம் வந்தது. பதினோராம் பக்கத்தில் வாத்துக் குஞ்சு வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தது. கன்னத்தில் ஒரு பெரிய துளி. பக்கத்தில் எழுதிப் பழக ஒரு எழுத்து. மேலே கண்களைப் போல இரண்டு சின்னப் பெட்டிகள், கீழே கை கால் விரித்தாற்போல் சில கோடுகள், அதன் தோளருகே ஒரு புள்ளி.

"இது கூ" என்றாள் மகள், பென்சிலைச் சீவிக்கொண்டே. "கூன்னா அழறது."

என் பென்சில் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"நான்தான் இந்தக் கதைய கார்ட்டூன்ல முன்னாடியே பாத்துட்டேனே. அன்னிக்கு ஷூஷூ உன்ன அழாதன்னு ரெண்டு வாட்டி சொன்னாரு. நீதான் சரி சரின்னு தலைய ஆட்டிகினே இன்னும் ஜாஸ்தியா அழுத."