லாரியும் சிலி பாடியும்

ஹெவிவெயிட் சாம்பியனையும் லைட்வெயிட் சாம்பியனையும் ஒரே ரிங்கில் ஏற்றிவிட்டால் யார் ஜெயிப்பான்? என் அண்ணன் உயிரோடு இருந்தவரை இந்தக் கேள்விக்கு முடிவு வரவில்லை. அவன் போய் இன்னும் வருஷப் பூசைகூட வைக்கவில்லை. இப்போது யாராவது பாக்ஸிங் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் காப்பிக்கடையில் உட்காருவோம். அண்ணன், நான், கோயில் மண்டபத்துப் பாக்ஸிங் கிளப்பில் அவனோடு பழகுகிற சில பேர். அதே சந்தில் தன் அப்பாவோடு மளிகைக்கடை வைத்திருந்த அண்ணனுடைய சிநேகிதன் ஒருத்தனும் வந்து சேர்ந்துகொள்வான். அவன் ஒரு நாள்கூடக் கையுறை மாட்டியதில்லை. ஆனால் எங்கள் எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசுவான்.

உலக சாம்பியன்களுக்கு நாங்களே பெயர் வைத்திருந்தோம். ஹெவிவெயிட்காரன் லாரி. லைட்வெயிட்காரன் சிலி பாடி, மீ கோரெங் நூடுல்ஸோடு வெட்டித் தருவார்களே, அந்தக் குட்டி மிளகாய். அண்ணன் கிளப்பில் லைட்வெயிட். அதனால் சிலி பாடி கட்சி. அந்த மளிகைக் கடைக்காரன் லாரி கட்சி.

"மச்சான், லாரி ஒரு கைய நீட்டி நெத்தியில வச்சான்னா போதும். உன் ஆளு காத்துல நீச்சலடிச்சிக்கிட்டு நிப்பான்."

"நீட்டட்டும்டா. நீட்டுன கைக்கு அடியில பூந்துருவான்ல. லாரி திரும்பணும்னா யூ-டர்ன் போடணும். அதுக்குள்ள விலாவுல நாலு."

"நாலு இல்ல, நாப்பது குடுக்கட்டும். அவனுக்கு அது மசாஜ்."

"உங்க அத்தா காதத் திருகுனா நீ அழுவ. நீ பேசுறியா?"

"எங்க அத்தா ஹெவிவெயிட்டு லா!"

அண்ணனிடம் கடைசியாக ஒரு வாதம் இருக்கும். கடவுளே இறங்கி வந்து ரெண்டு பேரையும் ஒரே எடையாக ஆக்கிவிட்டால், அப்போது யார்? அதற்குக் கடைக்காரன், "கடவுளுக்கு வேற வேலையே இல்லையா?" என்பான். அதோடு காப்பி ஆறிப்போயிருக்கும். அடுத்த ஞாயிறு முதலிலிருந்து தொடங்குவோம்.

எனக்கும் அண்ணனுக்கும் செம்பவாங் கப்பல்பட்டறையில் வேலை. கப்பலின் அடியைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது. வேலை முடிந்ததும் அண்ணன் மண்டபத்துக்குப் போய்விடுவான். லைட்வெயிட்டில் கெட்டிக்காரர்கள் அதிகம், ஒரு படி இறங்கி ஃபெதர்வெயிட்டில் நின்றால் மெடல் உனக்குத்தான் என்று கிளப் மாஸ்டர் சொல்லியிருந்தார். எடையை இறக்குவது பெரிய பாடு. மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுவான். தண்ணீர் குடிக்கமாட்டான். ஒரு தகர டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துப்பிக்கொண்டே இருப்பான். எச்சிலும் எடைதான் என்பான். அப்படிச் செய்தும் முன்பெல்லாம் இறங்காது.

அந்த வருஷம் அவன் ஒன்றும் செய்யாமலே இறங்கியது.

மாஸ்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அம்மா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். கிளப்பில் எல்லாரும் என்ன ரகசியம் என்று கேட்டார்கள். "ரகசியத்த எவனாச்சும் சொல்லுவானா லா?" என்று அண்ணன் தெனாவட்டாகச் சிரித்தான். கடைக்காரன் மட்டும், "மாப்ளே, இப்பிடியே போனா உனக்கு எதிர்ல கொசுவத்தான் நிக்கவைக்கணும்" என்றான். நாங்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தோம். வேறு வீடாக இருந்தால் பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார்கள். பாக்ஸிங் வீடு என்பதால் நாங்கள் கைதட்டினோம்.

ஃபெதர்வெயிட் மெடலும் வாங்கினான். அதற்குப் பிறகு ஒரு நாள் பட்டறையில் பெயிண்ட் டிரம்மைத் தூக்கப் போனவன் தூக்காமல் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான். குனிந்து வாந்தி எடுத்தான். காப்பித்தூள் மாதிரி கறுப்பாக வந்தது.

வயிற்றில் கட்டி. எடுத்துவிடலாம், ஆனால் இந்த உடம்பு ஆபரேஷனைத் தாங்காது, எடை கொஞ்சம் ஏறட்டும் என்றார் டாக்டர். எவ்வளவு ஏற வேண்டும் என்பதைக் கிலோவில் சொன்னார். அம்மாவுக்கும் எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அண்ணன்தான் திரும்பிப் பார்த்துச் சொன்னான்.

"பேண்டம்வெயிட்டு. அவ்வளவுதான்டா. ஏறிரலாம்."

அப்போது அவன் ஃப்ளைவெயிட்டுக்கும் கீழே வந்திருந்தான். எங்கள் கிளப்பில் ஃப்ளைவெயிட்தான் கடைசி. அதற்கு ஒரு படி மேலே பேண்டம். அவன் ஏற வேண்டியது ஒரு படிக்கும் கொஞ்சம் கூட. அதில் ஏறிவிட்டால் ஆபரேஷன். ஏறாவிட்டால் என்ன என்று அம்மா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமைதோறும் வார்டில் எடை பார்ப்பார்கள். எடைக் குண்டை நகர்த்தி நகர்த்திப் பார்க்கிற மெஷின், கிளப்பில் இருப்பது மாதிரியே. அதைக் கண்டதும் அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டான். நர்ஸ் ஒரு தமிழ் அக்கா. "ஏன் கழட்டுறீங்க? போட்டுக்கிட்டே ஏறுங்க, கொஞ்சம் கூடக் காட்டட்டுமே" என்றாள். அவன் வெட்கப்பட்டு மறுபடி மாட்டிக்கொண்டான். அடுத்த திங்கட்கிழமை சட்டையோடு நின்றான், ஆனால் மெஷினைப் பார்த்ததும் பக்கத்துக் கிண்ணத்தில் துப்பினான். நான் கத்திவிட்டேன்.

"துப்பாத அண்ணே! முழுங்கு!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

சாப்பாடுதான் சண்டை. ஆஸ்பத்திரிக் கஞ்சியை ரெண்டு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். அம்மா அழுவாள், கெஞ்சுவாள், ஜெபமாலையை அவன் கையில் சுற்றிவிடுவாள். ஒன்றும் நடக்காது. ஒரு நாள் எனக்கு ஆத்திரம் வந்து, அவனைக் குத்த வேண்டும் என்றே சொன்னேன்.

"கடைக்காரண்ணன் சொன்னதுதான் சரி. லாரிதான் ஜெயிப்பான்."

அண்ணன் திரும்பினான். "என்னடா சொன்ன?"

"சிலி பாடியெல்லாம் சும்மா. லாரி அவன் கால மிதிச்சாலே மேட்ச் முடிஞ்சிரும்."

"யாரு கால யாரு மிதிக்கிறது? நிக்கிறவன் காலத்தான மிதிக்க முடியும்? அவன் எங்கடா நிக்கிறான்?" என்று வாயைத் திறந்தவன், நான் நீட்டிய ஸ்பூனை வாங்கி விழுங்கிவிட்டு, "பக்கவாட்டுலயே போவான்டா, நண்டு மாதிரி" என்றான்.

அன்றிலிருந்து நான் லாரி கட்சி. மனசுக்குள் நான் எப்போதும் சிலி பாடிதான், அண்ணன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான். ஆனாலும் தினமும் மார்சிலிங் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் வரும்போது லாரிக்காக என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டே வருவேன். லாரியின் கை நீளம். லாரியின் கழுத்து. லாரி பத்து வருஷமாக வாங்கிய அடி. ஒரு பேச்சுக்கு ஒரு ஸ்பூன். அவன் கோபப்பட்டால் ரெண்டு. சோற்றை ரசத்தில் குழைத்து, முட்டையைப் பாலில் கலக்கி, பேசப் பேச உள்ளே தள்ளினேன். எதிர்ப் படுக்கையில் இருந்த சீனத் தாத்தாவுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் எங்கள் சண்டை ஆரம்பித்தால் ரேடியோவை நிறுத்திவிடுவார்.

கடைக்காரனும் வந்தான். அவன் வீட்டிலிருந்து ஆட்டெலும்பு சூப் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தான். முதல் நாள் அண்ணனைப் பார்த்ததும் அவன் சட்டியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். நான் அவனை வெளியே இழுத்துப்போய், "அண்ணே, அழுவுறதுன்னா இங்கயே அழுதுட்டு வாங்க. உள்ள வந்தா நீங்க லாரி. புரியுதா?" என்றேன். அவன் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

"மாப்ளே, என் ஆளப் பத்தி தம்பி ஏதோ சரியாப் பேசுறானாமே. எனக்கும் ஒரு ஆளு கிடைச்சிட்டான் லா."

அன்றைக்கு அண்ணன் சூப் முழுவதும் குடித்தான். எலும்பைக்கூட உறிஞ்சினான். எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்து எதிர்த்தான். அடுத்த திங்கட்கிழமை மெஷினில் குண்டு ஒரு கோடு மேலே போனது. ஒரு கோடுதான். நான் அந்த நர்ஸ் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அம்மா மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பேண்டம் வந்துவிட்டால் கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் முழங்காலாலேயே வருகிறேன் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். பிறகு பொறுக்க முடியாமல், பேண்டம் வரும் முன்பே அப்படிப் போய் வந்துவிட்டேன். முன்கூட்டிச் செய்தால் மாதாவுக்கு மறுக்க வழியிருக்காது என்று நினைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம் எல்லாம் வெளியே வந்தது. சூப், பால், தண்ணீர், எது போனாலும் திரும்பி வந்தது. நான் லாரியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். அவனுக்குக் கோபம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "ம்... சொல்லு" என்பான். ஸ்பூன் பல்லில் இடிக்கும். நான் பேசுவதை நிறுத்தினால் ஏதோ ஆகிவிடும் என்று பயந்து, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அந்தத் திங்கட்கிழமை அவனை மெஷினில் ரெண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள். நர்ஸ் அக்கா குண்டைக் கீழே நகர்த்தினாள். இன்னும் கீழே. அண்ணன் குண்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். போட்டிக்கு முன்னால் எடை பார்க்கும்போது அப்படித்தான் பார்ப்பான். டாக்டர் வந்து அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். ஆபரேஷன் இல்லை. வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், பிடித்ததைக் கொடுங்கள்.

டாக்ஸியில் நானும் அண்ணனும் பின்னால். அம்மா முன்னால். டிரைவர் ஒரு சீனக் கிழவர். புக்கித் தீமா தாண்டியதும் திடீரென்று அண்ணன் முன்னால் குனிந்து கேட்டான்.

"அங்கிள், பாக்ஸிங் தெரியுமா? பிக் சாம்பியன், ஸ்மால் சாம்பியன். ஃபைட் பண்ணா யாரு வின்?"

டிரைவர் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். "பிக் வன் லா. ஸ்மால் வன், வன் பஞ்ச், ஹபிஸ்."

ஹபிஸ் என்றால் முடிந்தது. அண்ணன் சீட்டில் சாய்ந்துகொண்டான். "ஆமா. பிக் வன்தான்" என்றான். சாதாரணமாகச் சொன்னான், மணி கேட்டால் சொல்வது மாதிரி.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. "நோ அங்கிள்!" என்று கத்தினேன். "யூ டோன்ட் நோ! ஸ்மால் வன் ஃபாஸ்ட்!" அதற்கு மேல் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. தமிழிலேயே கத்தினேன். "லாரி கைய நீட்டுனா அடியில பூந்துருவான் அங்கிள். விலாவுல நாலு குடுப்பான். அவன் நிக்கவேமாட்டான், நண்டு மாதிரி போவான். ஏழாவது ரவுண்டுல லாரிக்கு மூச்சு வாங்கும், நீங்க பாருங்க. ஒரே எடையா இருந்தா உலகத்துல எவனும் அவன தொட முடியாது!" அண்ணன் எனக்குச் சொன்ன எல்லாவற்றையும் அந்த மனுஷனிடம் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அம்மா திரும்பி, "போதும்டா, போதும்டா" என்றாள். டிரைவர், "ஓகே, ஓகே, ஸ்மால் வன்" என்றார், வண்டியை மெதுவாக ஓட்டினார். அண்ணன் ஜன்னல் வழியாக உட்லண்ட்ஸ் ரோட்டு மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

எங்கள் பிளாக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. எங்கள் வீட்டுக்கு அடுத்த கீழ் மாடியில் இறங்கி ஒரு மாடி படியேற வேண்டும். அம்மா டாக்ஸிக்காரரோடு துணிமூட்டையை இறக்கிக்கொண்டிருந்தாள். நான் அண்ணனை முதலில் கூட்டிப்போனேன். படி வந்ததும் அவனால் முடியவில்லை. குழந்தையைத் தூக்குவதுபோல ரெண்டு கையிலும் தூக்கிக்கொண்டேன்.

பட்டறையில் தினமும் கனம் தூக்குகிறவன் நான். அன்றைக்குப் பாதிப் படியில் எனக்கு மூச்சு வாங்கியது. அவன் கனமாக இருந்தான். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். சுவரில் சாய்ந்து நின்றேன்.

"என்னடா, முடியலையா? இறக்கிவிடு" என்றான்.

"நீ கனமாத்தான்ணே இருக்க. பேண்டம் இருப்ப. அந்த மெஷின் சரியில்ல. அவங்க சரியாப் பாக்கல."

அவன் என் கழுத்தைச் சுற்றியிருந்த கையைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டான்.

கீழே லிஃப்ட் கதவு திறந்தது. அம்மா மூட்டையோடு படிக்கு வந்து எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன்டா அங்கயே நிக்கிற?"

"டாக்ஸி போயிருச்சாம்மா? திரும்பப் போயி இன்னொரு தடவ எடை பாக்கச் சொல்லணும்" என்றேன்.