குப்பை மூலையின் கண்டக்டர்

இளஞ்சிவப்பு கேரி பேக்கின் முடிச்சை முத்துக்கிருஷ்ணன் அவிழ்ப்பதில்லை. பையைத் திருப்பிப் போட்டு, அடிப்பக்கத்தை நகத்தால் கிழிக்கிறார். ஒளிக்க நினைத்த பொருளை யாரும் அடியில்தான் போடுவார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. காலை ஐந்தே முக்கால். கையில் ரப்பர் உறை மாட்டித் தெருமூலையில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு வேப்பங்குச்சியால் ஒவ்வொன்றாக ஒதுக்குகிறார்: முருங்கைக்காய்ச் சக்கை, முட்டை ஓடு, மசாலாப் பொடிக் கவர், புளித்துப்போன மாவு. கடைசியில் ஒரு கூரியர் உறை வருகிறது. அதில் பெயர், கதவு எண், கைபேசி எண் எல்லாம் அச்சடித்திருக்கிறது. பையை இன்னொரு பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்திருக்கிறார்.

பதினான்காம் எண் வீட்டின் அழைப்பு மணி அடிக்கிறது. தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறக்கும் பவித்ராவிடம் பையை நீட்டி, சிரிக்காமல் சொல்கிறார்: “லக்கேஜ விட்டுட்டு எறங்கிட்டீங்கம்மா.”

அரசுப் பேருந்தில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்தவர். பெரும்பாலும் திண்டுக்கல்–வடமதுரை தடம். ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகியும் எங்கே நின்றாலும் இடுப்பை எதன்மேலாவது சாய்த்து, கால்களை அகட்டித்தான் நிற்பார். தரை எந்த நிமிஷமும் பிரேக் போட்டுவிடும் என்ற எச்சரிக்கை உடம்பில் ஊறிவிட்டது. ஷேர் ஆட்டோவில் ஏறினால் தலைகளை எண்ணாமல் உட்கார மாட்டார். கல்யாணப் பந்தியில் வாசலை அடைத்து நிற்கிறவர்களைப் பார்த்து, “படியில நிக்காதீங்க, பின்னாடி அம்புட்டும் காலியாக் கெடக்கு, உள்ள போங்க” என்று குரல் கொடுப்பார். இதை ஒரு துக்க வீட்டிலும் சொல்லிவிட்டார். அதிலிருந்து துக்கத்துக்கு மட்டும் மனைவி ஆனந்தி தனியாகப் போய்வருகிறார்.

அவருடைய வீட்டுக்கு நேர் எதிரே அந்த மூலை. முன்பு அங்கே மாநகராட்சியின் பெரிய இரும்புத் தொட்டி இருந்தது. வீடு வீடாக வந்து குப்பை வாங்கும் பேட்டரி வண்டி வந்ததும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தொட்டி போனதே தவிர, தொட்டி இருந்த இடம் அங்கேயே இருந்தது. ஜனங்கள் பழைய ஞாபகத்தில் வீசிவிட்டுப் போனார்கள். முத்துக்கிருஷ்ணனுக்கு இதில் வியப்பே இல்லை. “ஸ்டாப்ப மாத்துனா ஆறு மாசத்துக்குச் சனம் பழைய ஸ்டாப்புலதான் நிக்கும்” என்றார். ஆறு மாதம் போய் ஒரு வருஷமும் போயிற்று. நாற்றம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜை வரைக்கும் வந்து உட்கார்ந்தது.

தெருச் சங்கம் சும்மா இருக்கவில்லை. மூலையைக் கழுவிப் பெண்கள் பெரிய கோலம் போட்டார்கள். மறுநாள் கோலத்தின் ஒரு புள்ளிகூடக் கலையாமல், சுற்றிலும் வரிசையாகப் பைகள் இருந்தன. ‘இங்கு குப்பை கொட்டாதீர்’ என்று பலகை வைத்தார்கள். பலகையின் ஆணியில் ஒரு பை தொங்கியது. மூன்று பூந்தொட்டிகள் வைத்தார்கள். இரண்டு காணாமல் போயின. மூன்றாவதில் குப்பை போட்டார்கள்.

அப்போதுதான் முத்துக்கிருஷ்ணன் களத்தில் இறங்கினார். குப்பை போடுகிறவர்களுக்கு அவர் வைத்த பெயர் ‘வித்தவுட்’. டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்கிறவர்கள் என்று பொருள். வித்தவுட்டைப் பிடிப்பதற்கு முன் பாடம் படிக்க வேண்டும் என்று, வண்டி ஓட்டி வரும் பேச்சாயியிடம் போனார். பேச்சாயி அந்த வட்டாரத்தில் பன்னிரண்டு வருஷமாகத் தூய்மைப் பணி செய்பவர். பச்சைத் தொட்டியில் மக்குவது, நீலத் தொட்டியில் மக்காதது என்று அவர் ஒரே வரியில் சொல்லி முடித்தார். முத்துக்கிருஷ்ணன் விடவில்லை. தேங்காய்ச் சிரட்டை எதில் சேரும், எண்ணெய் பட்ட பேப்பர் எதில், பூ கட்டிய நார் பூவோடு போகுமா தனியாகவா என்று வண்டியின் கூடவே நடந்து நான்கு தெரு கேட்டார். “சார், இம்புட்டு யோசிச்சா குப்பையே சேராது” என்று பேச்சாயி சொன்னதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் முப்பது வீட்டு லக்கேஜ் வீடு திரும்பியது. திட்டினார்கள், கதவைச் சாத்தினார்கள். அவர் அசையவில்லை, கூட்ட நெரிசலில் இதைவிட மோசமான வார்த்தைகளைக் கேட்டவர். மூலையில் பைகள் குறைந்தன. ஆனந்திக்கு மட்டும் ஒரு மனக்குறை. “நம்ம வீட்டுல இன்னைக்குச் சோத்துக்கு என்ன வெஞ்சனம்னு இவருக்குத் தெரியாது. முப்பது வீட்டு வெஞ்சனம் தெரியும்” என்று பக்கத்து வீட்டில் சொல்லி வருத்தப்பட்டார்.

ஒரே ஒரு பை மட்டும் பிடி கொடுக்கவில்லை. கறுப்புப் பை, இரட்டை முடிச்சு. செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் வரும். உள்ளே பரோட்டா கட்டிய வாழையிலை, சால்னா வந்த பிளாஸ்டிக் கவர், வெங்காயத் துணுக்கு, ஒன்றிரண்டு எலும்பு. பெயர் இல்லை, முகவரி இல்லை. ஏழு வாரம் பார்த்தார். சாப்பிடும்போதும் அதையே பேசினார். எட்டாவது வாரம், கை துடைத்துக் கசக்கிய ஒரு தாள் கிடைத்தது. விரித்துப் பார்த்தால் ஆதார் அட்டையின் நகல். பெயர் அழகர், ஊர் அகரம்.

அன்றைக்கே பையோடு பஸ் ஏறினார். கண்டக்டர் இளைஞன்; மூக்கைச் சுளித்து என்ன பை என்று கேட்டான். ஒருத்தர் விட்டுப்போன பொருள், ஒப்படைக்கப் போகிறேன் என்றார். அகரத்தில் அழகர் சம்பங்கித் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் தன்னைத் தேடி வந்திருக்கிறார் என்றதும் காலைக் கழுவிக்கொண்டு வந்து, உட்காரச் சொல்லி, மோர் கொடுத்தார். பையைத் திறந்து காட்டியதும் குனிந்து உள்ளே பார்த்தார்.

“நான் பரோட்டா தின்னு ரெண்டு வருசமாச்சுங்கய்யா. இதுக்காகவா பஸ் ஏறி வந்தீக?”

ஆதார் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது திண்டுக்கல்லில் பேங்குக் காரியத்துக்காக எடுத்தது என்றார். முதலில் எடுத்தது கறுப்பாக விழுந்துவிட்டதாம். கடைக்காரர் அதை ஓரமாகப் போட்டுவிட்டு வேறு எடுத்துக் கொடுத்தாராம். எந்தக் கடை என்றும் சொன்னார். முத்துக்கிருஷ்ணன் குடித்த மோர் பாதியில் நின்றது.

அது அஸ்பாக்கின் ஜெராக்ஸ் கடை. அஸ்பாக் அதே தெரு, இருபத்திரண்டாம் எண். தெருச் சங்கத்தின் செயலாளர். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ‘நம் தெரு, நம் பொறுப்பு’ என்று ரோஜாப்பூ படத்தோடு செய்தி போடுகிறவர். பலகை எழுதி வைத்தவரும் அவர்தான்.

வேறு யாராக இருந்திருந்தாலும் முத்துக்கிருஷ்ணன் வழக்கம்போல மணி அடித்து லக்கேஜைக் கொடுத்துவிட்டு வந்திருப்பார். செயலாளர் என்பதால் மனம் கொதித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அஸ்பாக் வீட்டு முற்றத்தில் சங்கக் கூட்டம். சுகாதார ஆய்வாளரும் வந்திருந்தார். குப்பையைப் பிரித்துக் கொடுப்பது பற்றி அஸ்பாக் பேசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சைதூன் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். முத்துக்கிருஷ்ணன் எழுந்து, கறுப்புப் பையை நாற்காலிகளுக்கு நடுவில் வைத்து, அஸ்பாக்கைப் பார்த்துத் தன் வழக்கமான லக்கேஜ் வசனத்தைச் சொன்னார்.

டீத்தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பையைத் திறந்தது சைதூன்தான். உள்ளே பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். அஸ்பாக்குக்குச் சர்க்கரை முந்நூறைத் தொட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தது ஆறு மாதத்துக்கு முன்னால். அதிலிருந்து வீட்டில் கேழ்வரகும் கீரையும்தான். ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால் பார்த்தவர்கள் சைதூனிடம் சொல்லிவிடுவார்கள் என்று, அவர் பார்சல் வாங்கிக் கடைக்குள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு முடித்துக்கொள்வார். காலையில் கடையைப் பெருக்குவதும் சைதூன். அதனால் இலைக்குக் கடையிலும் இடமில்லை, வீட்டிலும் இடமில்லை. தெருமூலை ஒன்றுதான் மிச்சம்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆய்வாளர் டீ புரையேறி வெளியே போனார். சைதூன் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு முத்துக்கிருஷ்ணனிடம் வந்து சொன்னார்: “குப்பைய என்கிட்ட குடுத்திருக்கலாம்ணே. தெருவுக்குல்ல குடுத்துட்டீங்க.”

முத்துக்கிருஷ்ணன் அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் மறுநாள் மூலை துடைத்துவிட்டதுபோல இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் கழித்து மனதைத் தேற்றிக்கொண்டு, பேச்சாயியிடம் மூலையைக் காட்டினார். ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்தார். பேச்சாயி வண்டியை நிறுத்தினார்.

“ரெண்டு தெரு தள்ளி வாய்க்கால் பாலத்துல வந்து பாருங்க சார். உங்க தெரு பையி அம்புட்டும் அங்கதான் கெடக்கு. பேரு ஊரெல்லாம் கிழிச்சுட்டுப் போடுறாங்க. அதுவும் என் ஏரியாதான். நீங்க குப்பைய ஒழிக்கல சார், டிரான்ஸ்பர் பண்ணிருக்கீங்க.”

போய்ப் பார்த்தார். பவித்ராவின் இளஞ்சிவப்புப் பை தண்ணீரில் பாதி முங்கிக் கிடந்தது. திரும்பி வந்து பேச்சாயியிடம், வீட்டு வாசலுக்கு வண்டி வரும்போது இத்தனை தூரம் ஏன் சுமக்கிறார்கள் என்று கேட்டார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

பேச்சாயி சொன்ன பதில் பெரிது. பவித்ராவும் கணவரும் மில் வேலைக்கு ஏழு மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். வண்டி வருவதோ எட்டேகாலுக்கு. எட்டாம் நம்பர் மாடி வீட்டில் மூட்டுவலிக்காரர் ஒருவர். இறங்கி வருவதற்குள் வண்டி போய்விடும். இன்னும் சிலருக்கு வாசலில் வைத்துப் பையைப் பிரிப்பதே கூச்சம், அக்கம்பக்கத்து மொத்தக் கண்ணும் அதில்தான் இருக்கும். “எந்த வீட்டுல பாட்டிலு, எந்த வீட்டுல மாத்திரை, எந்தப் பிள்ளை முழுகாம இருக்குன்னு மாமியாருக்கு முன்னாடி எனக்குத் தெரியும் சார். பன்னெண்டு வருசமா யார்கிட்டயாவது சொல்லிருக்கனா?”

முத்துக்கிருஷ்ணன் சாய்ந்திருந்த வண்டிக் கம்பியை விட்டு நிமிர்ந்தார். பிறகு ஜெராக்ஸ் கடைக்குப் போனார். தேவையே இல்லாமல் தன் பென்ஷன் புத்தகத்தை நீட்டி ஒரு நகல் கேட்டார். அஸ்பாக் நிமிராமல் எடுத்துக் கொடுத்தார்.

“தம்பி, செக்கிங்ல வித்தவுட்டு மாட்டுனாக்கூட பஸ்ஸ விட்டு எறக்கி ஓரமாக் கூட்டிட்டுப் போய்த்தான் பேசுவோம். அத்தனை பேரு முன்னாடி பேசுனது என் தப்பு.”

அஸ்பாக் மிஷினின் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “அது போகட்டும்ணே. இப்பல்லாம் ஷட்டர எறக்குறதுக்கு முன்னாடியே அவ வந்து நின்னுர்றா” என்றார். கோபம் முழுக்கத் தீரவில்லை. ஆனால் நகலுக்குக் காசு வாங்கவில்லை.

இப்போது முத்துக்கிருஷ்ணன் வீட்டுக் காம்பவுண்டுக்குள், கேட்டைத் திறந்ததும் கைக்கெட்டும் இடத்தில் மூடி போட்ட இரண்டு டிரம்கள் இருக்கின்றன. ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்கு நீலம். பெயின்ட் அவரே அடித்தது, பாதி அவர் வேட்டியில். நேரமில்லாதவர்கள் விடிந்ததும் வந்து போட்டுவிட்டுப் போகலாம். எட்டாம் நம்பர் வீட்டு மாடியிலிருந்து ஒரு வாளி கயிற்றில் இறங்குகிறது. அதையும் அவரே கொண்டுவந்து சேர்க்கிறார். ஆனந்தி முதல் நாள் சண்டை போட்டார், இரண்டாம் நாள் சாம்பிராணி போட்டார். பிரித்துப் போடாதவர்களை என்ன செய்வது என்று முத்துக்கிருஷ்ணன் கேட்டதற்குப் பேச்சாயி ஒரு நிபந்தனை சொல்லியிருக்கிறார்: “டிரம்மு உங்ககிட்ட இருக்கட்டும் சார். கண்ணு மட்டும் என்கிட்ட இருக்கட்டும்.”

அது அவருக்குப் பெரிய தண்டனைதான். பை ஒவ்வொன்றும் உள்ளே விழும்போது அவருடைய வலது கை நகம் தானாக மடங்குகிறது. கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். பாலத்தில் பைகள் பாதியாகக் குறைந்திருக்கின்றன என்கிறார் பேச்சாயி. மீதிப் பாதி அடுத்த தெருக்காரர்களாம், அதற்கு அந்தத் தெருவில் ஒருவர் ஓய்வு பெற வேண்டும்.

சென்ற வெள்ளிக்கிழமை, வெளிச்சம் வரும் நேரத்தில் கேட் சத்தம் கேட்டது. அஸ்பாக் நின்றிருந்தார். கையில் ஒரு கறுப்புப் பை, இரட்டை முடிச்சு. அதை லுங்கியின் மடிப்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். முத்துக்கிருஷ்ணன் பச்சை டிரம்மின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை முழுவதுமாகத் திருப்பி, வெறும் காம்பவுண்டுச் சுவரை உன்னிப்பாகப் பார்த்தபடி நின்றார்.